முயல் காதில் ஒரு வெள்ளைப் புள்ளி

1

இந்தக் கதை எனக்கு ஒரு முயலின் காதிலிருந்து கிடைத்தது. சிரிக்காதீர்கள்.

நம் ஊரிலிருந்து பிஷ்கெக்குக்கு மருத்துவம் படிக்க வந்து, பாதியில் அதைக் கைகழுவி, அனாரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டவன் நான். படித்ததெல்லாம் மறந்துபோயிற்று, ஒன்றைத் தவிர. ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளை முயல். அதன் காதை விளக்குக்கு முன்னால் பிடித்தால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் கிளைகிளையாகத் தெரியும். அந்தக் காதில் அட்ரினலின் ஒரு துளி ஏற்றினார்கள். குழாய்கள் சுருங்கி, ஊசி இறங்கிய இடத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று விழுந்தது. நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது மறைந்துவிட்டது.

பிறகு இன்னொரு முயல். அதற்கு முன்கூட்டியே கிருமியின் நஞ்சு கொஞ்சம் ஏற்றியிருந்தார்கள். அதே ஊசி, அதே ஒரு துளி. இந்த முறை புள்ளி வெள்ளையாக நிற்கவில்லை. மெல்லக் கறுத்தது. குழாய்கள் உடைந்து ரத்தம் கசிந்து, மறுநாள் பார்த்தால் அந்த இடத்துத் தோலே செத்திருந்தது.

அட்ரினலின் வெளியிலிருந்து வரும் பொருள் இல்லை. பயத்திலும் துக்கத்திலும் நம் உடம்பு தானே ஊற்றிக்கொள்வது. நஞ்சு முந்திக்கொண்டுவிட்டால், காப்பாற்ற வந்த அந்தத் துளியே உடம்பைக் கடிக்கிறது. [இந்த வாக்கியம் கொஞ்சம் அலட்டுகிறது. பிறகு அடித்துவிடலாம்.]

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ரத்தத்தில் நஞ்சு ஏறிக் கிடக்கும் ஒருத்தியிடம் ஒரு சாவுச் செய்தியைச் சொல்லலாமா?

2

தொடக்கம் ஒன்று: "மலையடிவாரத்து மருத்துவமனையின் சுவர்களில் காலை வெயில்" — வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்துவிடுகிறவன்.

தொடக்கம் இரண்டு: "ஒரு மனிதனின் ரத்தக்குழாய்களையெல்லாம் நீளமாக இழுத்து வைத்தால்" — இதை உங்கள் அறிவியல் வாத்தியாரே சொல்லியிருப்பார்.

தொடக்கம் மூன்று: செம்மறிக்கு ரோமம் கத்தரிக்கும்போது கத்தரியின் முனை உல்கானின் இடது உள்ளங்கையில் இறங்கியது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையலுக்கு வைத்திருந்த ஆட்டு வால்கொழுப்பில் ஒரு துண்டு அறுத்து, உப்புத் தூவிக் காயத்தில் அப்பி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த ஆட்டைப் பிடித்தாள்.

இது நிற்கும் என்று தோன்றியது. எழுதியதை அனாரிடம் படித்துக் காட்டினேன். என் மனைவி மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"வால்கொழுப்புல என்ன தப்பு? எங்கம்மா என் முட்டிக்கு அதைத்தான் வச்சுக் கட்டுனாங்க. நான் செத்தா போயிட்டேன்?"

"நீ சாகலை. இவளுக்குக் காயம் மேல மூடிக்கிச்சு. உள்ள கிருமி மாட்டிக்கிச்சு. அதுக்குக் காத்து இல்லாத இடம்னா கொண்டாட்டம்."

"பாதி டாக்டர் சொன்னா பாதி சரியாத்தான் இருக்கும்."

3

சைகால் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்கார எழுத்தாளன் இதை மெல்லக் கசியவிடுவான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாரின் என்ற மலை நகரத்துக்கு மேலே ஒரு சின்ன ஊர். அங்கே மருத்துவமனையின் தீவிர சிகிச்சை வார்டுக்கு அவள் ஒருத்திதான் மருத்துவர். உல்கானின் புருஷன் ஜூமார்ட்டுக்குக் கூடப்பிறந்த தங்கை. ஆய்வுக்கூடத்தில் முயலை மடியில் வைத்துக் காதைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.*

* அப்படி ஒருத்தி உன்னோடு படித்தாளா என்று கேட்காதீர்கள். முயல் இருந்தது. அதை யாராவது பிடித்துத்தானே இருக்க வேண்டும்.

மேய்ச்சல் மேட்டிலிருந்து ஜூமார்ட் மனைவியை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியபோது, உல்கானின் உடம்பு அனலாய்க் கொதித்தது. விரல் நுனிகள் மட்டும் நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தன. சைகால் கையைத் திறந்து பார்த்தாள். சீழை வெட்டி எடுத்தாள். மருந்து ஏற்றினாள். அண்ணன் கதவோரம் நின்றுகொண்டு தொணதொணத்தார்.

"மருந்து போயிட்டா கிருமி செத்துடும்ல?"

"செத்துடும் அண்ணே. ஆனா செத்த கிருமியோட தோல்லதான் நஞ்சே இருக்கு. அது உடைஞ்சு ரத்தத்துல கலக்கும்."

"அதென்ன கிருமி, செத்த பிறகும் வேலை பாக்குது?"

"வாய்க்கால் இருக்குல்ல, அது மாதிரி வச்சுக்கோ. நஞ்சு பட்டா கரை ஊறித் தளர்ந்துபோகும். தண்ணி கரையிலயே கசிஞ்சிடும், வயலுக்குப் போகாது. உடம்பு பயந்துபோய் 'இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடி'ன்னு அட்ரினலினை ஊத்தும். ஊறுன கரைக்கு எங்க காது கேக்கும்? கேக்கலைன்னு இன்னும் ஊத்தும்."

"நீ என்ன பண்ணுவ?"

"நானும் சேர்ந்து கத்துவேன்," என்றாள் சைகால், சொட்டுமருந்தின் திருகைத் திருப்பிக்கொண்டே. உண்மைதான். அந்தப் புட்டியில் இருந்ததும் அட்ரினலினின் கூடப்பிறந்த மருந்துதான்.

அட்ரினலினை ஊற்றும் சுரப்பிகள் சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, இரண்டு பெரியவர்கள் கல்பக் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. கல்பக் என்பது இங்கே ஆண்கள் வைக்கும் உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி. வயதானவர்கள் அதை வெளியிடத்தில் கழற்றிப் பார்த்தவர் யாரும் இல்லை. [இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியிருக்கும்.]

ஆடுகளை விட்டுவிட்டு வந்திருந்ததால் ஜூமார்ட் மேட்டுக்குத் திரும்பினார். போகும்போது மனைவியின் காதருகே குனிந்து, "குமிஸ் கொண்டுவர்றேன். இவங்க குடுக்குற கஞ்சியக் குடிக்காத," என்றார். குதிரைப்பால் புளித்தால் எந்த நோயும் ஓடும் என்பது அவர் கட்சி. உல்கான் காய்ச்சலுக்குள்ளிருந்து சிரித்தாள்.

4

காய்ச்சல் உல்கானை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனது. வார்டின் வெள்ளைக் கூரை அவளுக்கு மேய்ச்சல் மேட்டுக் கூடாரமாகிவிட்டது. சொட்டுமருந்து விழும்போதெல்லாம் தூரத்தில் யாரோ பால் கறக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆடுகள் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்தன. அவற்றில் ஒன்றுக்குச் சைகாலின் முகம் இருந்தது. அதன் ரோமத்தைக் கத்தரிக்கலாமா என்று அவள் வெகுநேரம் யோசித்தாளாம்.

விடிந்ததும் சைகாலின் விரலைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னாள். இங்கே மருமகள்கள் புருஷன் வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். உல்கான் சைகாலுக்கு வைத்த பெயர் சின்னப்பொண்ணு. புருஷனுக்கு வைத்தது, நம் ஊரில் வைப்பதுதான்.

"சின்னப்பொண்ணே, ராத்திரி அவரு வந்தாரு. கூடாரத்து உச்சியில புகை போற மேல் வளையம் இருக்குல்ல, அது வழியா இறங்குனாரு. குமிஸ் எங்கன்னு கேட்டேன். பதில் சொல்லலை. சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு."

"காய்ச்சல்ல அப்படித்தான் அண்ணி வரும்."

"மாத்திக்கோங்கன்னேன். நின்னுக்கிட்டே இருந்தாரு."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கனவை எழுதியபோது ஜூமார்ட்டை என்ன செய்வது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. கதையில் ஒரு சாவு வேண்டும் என்று தெரியும். யாருடைய தகப்பனாரையாவது, தூரத்துச் சித்தப்பாவையாவது வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த ஆள் நல்லவர். அவரைக் கொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சட்டை நனைந்திருந்தது என்று என் கை எழுதிவிட்டது. பிறகு எத்தனை முறை அடித்து எழுதினாலும் அந்தச் சட்டை காயவில்லை.

ஆகவே, பனி உருகிப் பெருகிய ஓடையைக் குதிரையில் கடக்கும்போது ஜூமார்ட் போய்விட்டார். குதிரை கரையேறிவிட்டது. சேணத்தில் கட்டிய தோல்பையில் குமிஸ் சிந்தாமல் இருந்தது.

செய்தி சைகாலுக்குத் தொலைபேசியில் வந்தது. கேட்டுவிட்டு, கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அண்ணன் போய்விட்டான் என்பது தெரிந்தது. அழுகை வரவில்லை. வரவிட்டால் நிற்காது என்று பயமாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் போய், "நல்லாத் தூங்குனீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

5

மறுநாள் கம்பும் கல்பக்குமாக மூன்று பெரியவர்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் சைகாலின் தாய்மாமன் தோக்தோசுன்.

இங்கே சாவுச் செய்தியை யாரும் தனியாகப் போய்ச் சொல்வதில்லை, தொலைபேசியில் சொல்வதும் அநாகரிகம்; டாக்டர் என்பதால் சைகாலுக்கு மட்டும் விலக்கு. பெரியவர்கள் கூடிப் போவார்கள். தேநீர் குடிப்பார்கள். மழை, புல், யாரோ ஒருவரின் குதிரை என்று எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கேட்பவர் தானே புரிந்துகொள்ளும் இடத்தில் பேச்சை நிறுத்துவார்கள். அதன் பிறகு வீட்டுப் பெண்கள் சாவுக்கென்று போட்ட கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒப்பாரி சொல்வார்கள். ஆண்கள் வெளியே கம்பை ஊன்றிக் குனிந்து அழுவார்கள். இவ்வளவும் நடந்த பிறகுதான் உடல் மண்ணுக்குப் போகும்.

சைகால் அவர்களை நடைவழியிலேயே மறித்துவிட்டாள்.

"உள்ள போகக் கூடாது மாமா."

"நாளைக்கு அவனை எடுக்குறோம். பொண்டாட்டிக்குத் தெரியாம எடுக்கச் சொல்றியா?"

"அவங்க ரத்தம் முழுக்க நஞ்சு. ஏற்கெனவே உடம்புல இருக்குற அட்ரினலின் பத்தாதுன்னு நானும் ஊத்திக்கிட்டு இருக்கேன். இதுக்கு மேல ஒரு அதிர்ச்சி... தாங்கலைன்னா ரத்தக்குழாய் விட்டுப்போயிடும். ரெண்டு உடம்பா எடுக்கணும்."

"தாங்காதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

சைகாலுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. முயலின் காதில் விழுந்தது அளந்த ஒரு துளி. ஒருத்தியின் துக்கத்தை எந்த ஊசியில் அளப்பது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வெள்ளைப் புள்ளி கறுத்ததைத் தன் மடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள் என்பதுதான்.

"தெரியாது மாமா. அதனாலதான் பயமா இருக்கு."

"நீ டாக்டரு. நான் தாய்மாமன். இதுல எது பெருசுன்னு சொல்லு, கேட்டுக்குறேன்."

"வார்டுக்கு வெளிய நீங்க பெருசு."

தோக்தோசுனுக்கு அந்த நிலையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "உன் அண்ணனும் இப்படித்தான் வாயடிப்பான்," என்றவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஒரு உடன்பாடு. உல்கானைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், வாயைத் திறக்கக் கூடாது. மூன்று கல்பக் சேர்ந்தாற்போல் கதவில் தெரிந்தால் உல்கானுக்குப் புரிந்துவிடும் என்று சைகாலுக்குத் தோன்றியது.

"தொப்பியக் கழட்டிடுங்க. சும்மா நலம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கட்டும்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். வெயிலே படாத மூன்று வழுக்கைத் தலைகள் மருத்துவமனை விளக்கில் பளபளத்தன.

6

சைகால் உள்ளே போய்ப் படுக்கையருகே உட்கார்ந்தாள். உல்கானின் வலது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது. திரையில் ரத்த அழுத்தத்தின் எண், விழலாமா நிற்கலாமா என்று தயங்குவதுபோல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"சின்னப்பொண்ணே."

"சொல்லுங்க அண்ணி."

"உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

"இப்பத்தான் கழுவுனேன்."

"என் கையைவிடச் சில்லுனு இருக்கு. எனக்காவது மருந்து ஏறுது. உனக்கு என்ன ஏறுது?"

சைகால் தன் கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்து, உயிரில்லாமல் இருந்தன. முகத்தைத் துடைக்கலாம், குரலைச் சரிசெய்துகொள்ளலாம். விரல் நுனிக் குழாய்களிடம் யாரால் பேச முடியும்? அவளுடைய சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பெரியவர்களும் நேற்றிலிருந்து ஓயாமல் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

7

இந்த இடத்தில் வெகுநாள் நின்றுவிட்டேன். எழுதிப் பார்த்த முடிவுகளை அடிக்காமல் அப்படியே தருகிறேன்.

முடிவு அ: சைகால் சொல்லிவிடுகிறாள். உல்கான் கண்ணை மூடிக்கொள்கிறாள். திரையில் எண் சரசரவென்று இறங்கி — மேலே எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: சைகால் சொல்லவில்லை. உல்கான் பிழைக்கிறாள். மேட்டுக்குத் திரும்பும்போது கல்லறை மேல் புல் முளைத்திருக்கிறது. அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவள் சைகாலோடு ஒரு வார்த்தைகூட —

முடிவு இ: ஓடையில் போனது வேறு யாரோ. ஜூமார்ட் குமிஸ் பையோடு வாசலில் வந்து நிற்கிறார். இதை ஒரே மூச்சில், வெட்கமே இல்லாமல் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை சந்தோஷமாக இருந்தது.

மூன்றையும் அனாரிடம் படித்தேன். மூன்றாவதற்குச் சிரித்தாள். முதலாவதற்கு மாவை இன்னும் அழுத்திப் பிசைந்தாள். இரண்டாவதற்கு மாவுக் கையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவை எடுத்தப்ப அம்மா மஞ்சக்காமாலையோட தொத்துநோய் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. யாரும் சொல்லலை. உடம்பு தேறட்டும்னு விட்டுட்டாங்க."

"இத நீ எங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"வீட்டுக்கு வந்தப்ப கூடாரத்தைப் பிரிச்சாச்சு. சோறு போட்டாச்சு, வந்தவங்க போயாச்சு. அம்மா வாசல்ல நின்னு, 'நான் எங்க உக்காந்து அழறது?'ன்னு கேட்டாங்க."

"உயிரோட இருந்தாங்கல்ல?"

"இருந்தாங்க," என்றாள் அனார். "உன் சைகாலுக்கு அது போதும்னா, அப்படியே எழுது."

8

உல்கான் சைகாலின் கையை விடவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். தோக்தோசுன் சிரிக்க முயன்றார். பழக்கமில்லாத சிரிப்பு.

"மாமாவோட தொப்பி எங்க?"

"நான்தான் கழட்டச் சொன்னேன் அண்ணி. வார்டுல..."

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து மாமாவைத் தொப்பி இல்லாம நான் பார்த்ததில்லை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மூணு பேருமே கழட்டியிருக்காங்க."

சொட்டுமருந்து விழுந்தது. தூரத்தில் யாரோ பால் கறப்பதை நிறுத்திவிட்டார்கள். [கனவு யாருடையது என்று இந்த இடத்தில் எனக்கே குழம்புகிறது. இருக்கட்டும்.]

"சின்னப்பொண்ணே, என்னைக் கொஞ்சம் திருப்பிப் படுக்க வை."

"எந்தப் பக்கம் அண்ணி?"

"சுவர்ப் பக்கம்."

சைகால் எழுந்தாள். குழாய்கள் சிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து வைத்து, அண்ணியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். கதவுக்கு வெளியே பெரியவர்கள் அதைப் பார்த்தார்கள். தோக்தோசுன் கக்கத்திலிருந்த கல்பக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் வைத்துக்கொண்டார்கள். பிறகு மூவரும் கம்பை ஊன்றிக் குனிந்தார்கள்.

சுவரைப் பார்த்தபடி உல்கான் தொடங்கினாள். குரல் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது.

"மேல் வளையம் வழியா வந்தவரே... நனைஞ்ச சட்டைய மாத்தாமப் போனவரே..."

சைகால் இன்னும் மருத்துவர்தான். கருவியின் அலாரத்தை அணைக்கவில்லை. ஒரு கை மருந்தின் திருகு மேலேயே இருந்தது. ஆனால் அவள் கட்டிலின் விளிம்பில், அண்ணியின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணனுக்காக அவள் முதல்முறையாக அழுதாள். தோளுக்கு மேல் நீண்டு வந்த உல்கானின் கை சைகாலின் இன்னொரு கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சைகாலின் வெளுத்த விரல்களில் ரத்தம் ஏறிச் சூடு வரத் தொடங்கியது.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். திரை அவர்கள் இருவருக்கும் முதுகுப்பக்கம் இருக்கிறது. பெரியவர்கள் தரையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருந்த நானும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அனாரும் மாவுக் கையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரைக்கு நேரே நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

எண் நிற்கிறதா?